வீட்டை விற்பனைக்குத் தயார்படுத்துதல்: தமிழ்நாட்டு வீட்டு உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் தாம் குடியிருந்த தனி வீட்டையோ அடுக்குமாடிக் குடியிருப்பையோ விற்க முனைவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. வரி விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்குரியவை.

வீட்டை விற்பது என்று முடிவாகிவிட்டது. முதலில் வெள்ளையடிக்க வேண்டுமா, தரகரிடம் சொல்ல வேண்டுமா?

இரண்டும் முதல் வேலை அல்ல. பீரோவில் இருக்கும் பத்திரங்களை வெளியே எடுத்து வரிசைப்படுத்துவதே முதல் வேலை. வீட்டை வாங்க வருபவர் சுவரையும் சமையலறையையும் பார்த்து மனம் நிறைந்து முன்பணம் கொடுத்துவிடுவார். ஆனால் அவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் சுவரைப் பார்ப்பதில்லை, முப்பது ஆண்டுப் பத்திரத் தொடரைப் பார்க்கிறார். முடிந்துவிட்டது என்று நினைத்த பல வியாபாரங்கள் முறிவது அந்த மேசையில்தான். முறிந்த பிறகு, 'அந்த வீட்டுப் பத்திரத்தில் ஏதோ சிக்கலாம்' என்ற பேச்சு தெருவில் நின்றுவிடும். அதன்பின் எத்தனை முறை வண்ணம் பூசினாலும் விலை ஏறாது. எனவே பத்திரம், நீர்க்கசிவு, வண்ணம், விலை, விளம்பரம் என்ற வரிசையில் செல்லுங்கள். இதற்கு மூன்று மாதங்களாவது ஒதுக்கிக்கொள்வது நல்லது.

எந்தெந்த ஆவணங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?

உங்கள் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்), பட்டா, அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், நடப்பு அரையாண்டு வரை செலுத்திய சொத்துவரி ரசீது, குடிநீர் வரி ரசீது, மின்கட்டண ரசீது ஆகியவை அடிப்படையானவை. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் பிரிபடாத மனைப் பங்கு (மொத்த மனையில் உங்களுக்குரிய பகுதி) எவ்வளவு என்பது பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பராமரிப்புக் கட்டண நிலுவை இல்லை என்று குடியிருப்போர் சங்கம் தரும் கடிதத்தையும், கார் நிறுத்துமிடம் உங்களுக்கு ஒதுக்கப்பட்டதற்கான சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுத்துப் படியுங்கள். சர்வே எண்ணில் ஒரு உட்பிரிவு தவறியிருப்பது, பத்திரத்தில் 1,800 சதுர அடி என்றும் பட்டாவில் அதைவிடக் குறைவாகவும் இருப்பது, இன்னும் பலர் பெயரில் சேர்ந்த கூட்டுப் பட்டாவாகவே கிடப்பது போன்றவை அப்போதுதான் கண்ணில் படும். பிழைத்திருத்தல் பத்திரமோ பட்டா மாறுதலோ அவசரத்தில் நடப்பதில்லை. வாங்குபவர் காத்திருக்கும்போது தாலுகா அலுவலகத்துக்கு அலைவதைவிட இப்போதே முடித்துவிடுவது மேல்.

வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருக்க, மாடியில் பின்னாளில் அனுமதியின்றி ஓர் அறை கட்டியிருந்தால், வங்கிப் பொறியாளர் அந்த அறைக்குப் பொதுவாக மதிப்புப் போட மாட்டார் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு காலமான தந்தையின் பெயரிலேயே இருக்கிறது. மகன்கள் நாங்கள் இருவரும் கையெழுத்திட்டால் போதாதா?

போதாது. இந்துக் குடும்பத்தில் தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுச் சென்றிருந்தால், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவரும் சம பங்குதாரர். பாட்டியின் பங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வங்கி வழக்கறிஞர் மறப்பதில்லை. தந்தைக்கு முன்பே இறந்துபோன மகனோ மகளோ இருந்தால் அவர்களுடைய வாரிசுகளும் சேர்வார்கள்.

"தங்கைக்கு நகை போட்டுச் சீர் செய்துவிட்டோம், அவளுக்கு என்ன பங்கு?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சீர் செய்தது குடும்ப வழக்கம். அதனால் சட்டப்படியான பங்கு தீர்ந்துவிடாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. மத்திய அரசு 2005இல் கொண்டுவந்த திருத்தத்தை 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மேலும் உறுதிப்படுத்தியது. ஆகவே, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பெற்று, எல்லா வாரிசுகளும் கிரயத்தில் ஒன்றாகக் கையெழுத்திடுங்கள். அல்லது பங்கு வேண்டாம் என்பவர் முன்கூட்டியே தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கட்டும். வாரிசுகளில் பதினெட்டு வயது நிரம்பாதவர் இருந்தால், நீதிமன்ற அனுமதி தேவையா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே விளம்பரம் கொடுங்கள்.

வீட்டுக் கடனை அடைத்துவிட்டேன். இனி வில்லங்கம் இல்லைதானே?

கடனை அடைத்தது வங்கிக் கணக்கில்தான் தெரியும். கடன் வாங்கியபோது உரிமை ஆவண ஒப்படைப்பு (கடனுக்கு ஈடாகப் பத்திரங்களை வங்கியிடம் கொடுத்தது) என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், அதை நீக்கும் ரசீது ஆவணத்தையும் வங்கி அங்கே பதிவு செய்ய வேண்டும். இல்லையெனில் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். கடன் முழுவதும் அடைபட்ட 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தாமதம் வங்கியால் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

கடன் இன்னும் நிலுவையில் இருந்தாலும் விற்கலாம். நிலுவைத் தொகைக் கடிதத்தை வங்கியிடம் வாங்கி வைத்துக்கொண்டு, முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது. விற்க முடியுமா?

முடியும், காலம் பிடிக்கும். காவல் நிலையத்தில் புகார் அளித்து, நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றையும் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து சான்றிட்ட நகலையும் பெற வேண்டும். 'எங்கோ வைத்திருக்கிறேன்' என்று சொல்லி வாங்குபவரை இழுத்தடிப்பதுதான் பெரிய சந்தேகத்தை உண்டாக்கும். பத்திரம் வேறெங்கோ அடமானத்தில் இருக்கிறது என்றே அவர் எண்ணுவார்.

பழுதுபார்க்க எவ்வளவு செலவு செய்யலாம்? சமையலறையை மாற்றியமைத்தால் விலை கூடுமா?

மாடுலர் கிச்சன், பொய்க்கூரை, புதிய டைல்ஸ் என்று விற்பதற்காகவே பெருஞ்செலவு செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வாங்குபவர் தமக்குப் பிடித்தபடி அதை இடித்துக் கட்டுவார். நீங்கள் போட்ட பணம் முழுவதுமாகத் திரும்பாது. செலவு செய்ய வேண்டிய இடங்கள் நீர், ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்), மின்சாரம் ஆகிய மூன்றும்தான்.

மொட்டைமாடியிலிருந்து தொடங்குங்கள். தட்டோடுகளின் இணைப்பில் விரிசல் விட்டிருக்கிறதா, மழைநீர் வடிகுழாயின் வாயில் இலை அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் பூச்சு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்தளத்து அறையின் கூரையில் பழுப்பு வட்டம் தெரிந்தால், பெரும்பாலும் அதன் காரணம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். சன்ஷேடின் அடியில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருவேறித் தெரிந்தால், துருவைச் சுரண்டி உரிய பூச்சு பூசி அடையுங்கள். வெறும் சிமென்ட் பூசினால் ஓரிரு மழைக்காலத்தில் மறுபடியும் பெயரும். குளியலறைக்கு அடுத்த சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால் குழாய்க் கசிவைத் தேடிச் சரிசெய்து, சுவரை நன்றாகக் காயவிட்டுப் பிறகு பட்டி பாருங்கள்.

ஒழுகும் குழாய்கள், சுழலும்போது சத்தமிடும் மின்விசிறி, எரியாத விளக்குகள், இழுத்தால் தரையைத் தேய்க்கும் கதவு ஆகியவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு சிறியது. ஆனால் பார்க்க வருபவரின் கை படுவது இவற்றின்மேல்தான். தரைத்தொட்டியையும் மேல்நிலைத் தொட்டியையும் கழுவி வையுங்கள். கதவு நிலைகளைத் தட்டிப் பார்த்துக் கரையான் இருந்தால் மருந்தடியுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம், தூர்ந்துபோயிருந்தால் தூர்வாரிவிடுங்கள். இவையெல்லாம் முடிந்த பின்னரே வண்ணம். வெள்ளை அல்லது வெளிர் சந்தன நிறம் போதுமானது.

ஓதத்தின் மேலேயே வண்ணம் பூசி மறைத்துவிட்டால் என்ன?

மழைக்காலம் வரும்வரை மறைந்திருக்கும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டறிய முடியாததும் விற்பவர் அறிந்திருப்பதுமான முக்கியக் குறையை வெளிப்படுத்த வேண்டியது விற்பவரின் கடமை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்ததா என்ற கேள்வி இப்போது ஏறக்குறைய எல்லா வாங்குபவரிடமிருந்தும் வருகிறது. எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும் செய்தியை மறைத்துப் பயனில்லை. வாசற்படி வரை வந்தது, உள்ளே வரவில்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். சுவரில் அடையாளம் இருந்தால் காட்டுங்கள்.

வாஸ்து பார்த்து மாற்றங்கள் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஈசானிய மூலையில் கழிப்பறை இருப்பதையோ தெருக்குத்தையோ பெரிதாக நினைப்பவர் எப்படியும் வாங்கப் போவதில்லை; நினைக்காதவருக்கு நீங்கள் இடித்த சுவர் ஒரு பொருட்டில்லை. வாசல் எந்தத் திசை என்பதை மட்டும் விளம்பரத்திலேயே குறிப்பிட்டுவிட்டால் இருதரப்புக்கும் அலைச்சல் மிச்சம்.

விலையை எப்படி முடிவு செய்வது?

பக்கத்துத் தெருவில் ஒருவர் 'சொன்ன' விலையைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். நீங்கள் ஒப்பிடும் விலை பதிவான விலையாக இருக்க வேண்டும். மனைக்குத் தனியாகவும் கட்டடத்துக்குத் தனியாகவும் கணக்கிடுங்கள். அண்மையில் உங்கள் தெருவில் விற்ற மனையின் சதுர அடி விலை அல்லது சென்ட் விலையே மனைக்கு அளவுகோல். கட்டடத்துக்கு, இன்று அதைக் கட்ட ஆகும் செலவில் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். வங்கிப் பொறியாளரும் பொதுவாக இப்படித்தான் மதிப்பிடுவார். முப்பது ஆண்டு கடந்த வீட்டுக்கு, குறிப்பாகப் பெருநகரங்களில், பலர் மனை விலை மட்டுமே தருவார்கள். இது வருத்தமாக இருக்கலாம். தாத்தா பர்மா தேக்கில் செய்த நிலையும் கதவும் உங்களுக்குப் பெரிது. அப்படிப்பட்ட மரவேலை இருந்தால், வீட்டோடு சேர்த்து விற்பதா, கழற்றித் தனியே விற்பதா என்று விசாரித்துப் பாருங்கள்.

பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு சந்தை விலை அன்று; பல இடங்களில் அதைவிடக் குறைவு, சில இடங்களில் கூடுதல். ஆயினும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் நீங்கள் விற்கும் விலையைவிட அது பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வருமான வரிக் கணக்கில் அந்த மதிப்பையே நீங்கள் பெற்ற விலையாகக் கொள்வார்கள். வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் செலுத்த வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்: 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு அவர் கையிலிருந்து மேலும் 5 லட்சத்து 40 ஆயிரம் போகிறது, அவர் பேரம் பேசுவது அந்தச் சுமையோடுதான்.

பேரத்துக்கு ஐந்து சதவீத அளவில் இடம் விட்டுச் சொல்வது இயல்பு. இருபது சதவீதம் கூட்டிச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் விளம்பரத்தைத் தொங்கவிட்டால் வீடு 'பழையதாகி'விடும்.

விளம்பரத்தில் என்ன எழுத வேண்டும்? எங்கே கொடுக்க வேண்டும்?

'அருமையான வீடு, அழகிய சூழல், உடனே அணுகவும்' என்பதில் செய்தி எதுவும் இல்லை. கீழே உள்ளது மாதிரிக்காக எழுதியது:

"திருச்சி கே.கே. நகரில், 30 அடிச் சாலையில், கிழக்குப் பார்த்த தனி வீடு. மனை 1,800 சதுர அடி; கட்டடம் 1,150 சதுர அடி; 2004இல் கட்டியது. இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம். போர்வெல்லும் மாநகராட்சிக் குடிநீரும் உண்டு. பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டு. தனிப்பட்டா, வரைபட அனுமதி, 30 ஆண்டு வில்லங்கச் சான்று தயார். கடன் இல்லை. உரிமையாளர் நேரடி விற்பனை."

இதைப் படிப்பவர் தொலைபேசியில் கேட்கக்கூடிய பத்துக் கேள்விகளில் எட்டுக்கு விடை கிடைத்துவிடுகிறது. இதோடு விலையையும் போட்டுவிடுங்கள். 'விலை நேரில்' என்று எழுதினால் வேடிக்கை பார்ப்பவர்களின் அழைப்புகளே மிகுதியாக வரும்.

படங்களைக் காலை வெயிலில், சன்னல்களைத் திறந்து, எல்லா விளக்குகளையும் போட்டு, கைபேசியைக் குறுக்காகப் பிடித்து எடுங்கள். கொடியில் காயும் துணி, கேஸ் சிலிண்டர், பரணில் வழியும் பெட்டிகள், காலண்டர்கள் ஆகியவற்றை அகற்றிவிடுங்கள். குழந்தைகளின் படங்களும் வாகன எண்ணும் படத்தில் வேண்டாம். முகப்பு, தெரு, மொட்டைமாடி, மோட்டார் அறை ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். படத்தை அகலப்படுத்திக் காட்டும் லென்ஸ்களைத் தவிர்ப்பது நல்லது. நேரில் வந்து அறை சிறிதாகத் தெரிந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்கள் பெருநகரங்களில் பயன்படும். சிறு நகரங்களில் நாளிதழ் வரி விளம்பரமும் வாசலில் தொங்கும் பலகையும் இன்னும் வலுவானவை. உங்கள் வீட்டை வாங்கப் போகிறவர் அதே தெருவில் வாடகைக்கு இருப்பவராகவோ, அவருடைய உறவினராகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம். எனவே அக்கம்பக்கத்தாரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பத்திர நகல்களை வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் போட வேண்டாம். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, வீட்டைப் பார்க்காமலேயே முன்பணம் அனுப்ப கியூஆர் கோடு அனுப்புபவர் மோசடிக்காரர். யுபிஐ வழியே பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதுவும் இடத் தேவையில்லை.

தரகர் தேவையா? எவ்வளவு கமிஷன்?

உள்ளூரில் நீங்கள் இல்லாவிட்டால் தேவை. விலையில் ஒரு சதவீதம் முதல் இரண்டு சதவீதம் வரை கேட்பது வழக்கம். எப்போது, எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். கிரயம் பதிவாகும் நாளில் தருவதாக வைத்துக்கொள்வது நியாயமானது. ஐந்து தரகர்களிடம் ஐந்து விலை சொல்லாதீர்கள். 'எனக்கு இவ்வளவு தந்துவிடுங்கள், மேலே வருவது உங்களுக்கு' என்ற ஏற்பாட்டையும் தவிர்க்கவும். உங்கள் வீட்டின் உண்மையான விலை உங்களுக்கே தெரியாமல் போகும்.

வீட்டைப் பார்க்க வருபவர்களை எப்படி எதிர்கொள்வது?

பகல் வெளிச்சத்தில் வரச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்கு முன்பே சன்னல்களைத் திறந்துவையுங்கள். மீன் பொரித்த வாசனையோ அடைத்த அறையின் பூஞ்சை வாசனையோ வேண்டாம். மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் வரத்தைக் காட்டுங்கள், மே மாதத்தில் போர்வெல்லின் நிலை என்ன என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பேசட்டும். கணவர் 'எண்பது' என்றும் மனைவி 'எழுபத்தைந்துக்கும் கொடுக்கலாம்' என்றும் சொன்ன பின் எண்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏன் விற்கிறீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். மகன் பெங்களூரில் இருக்கிறான், அங்கே போகிறோம் என்பது போல உண்மையான காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். பண நெருக்கடி என்று தெரிந்தால் மட்டும் பேரம் கடுமையாகும்; அதை விளக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

எந்த மாதத்தில் விற்பனைக்கு விடலாம்?

ஆடியிலும் மார்கழியிலும் முன்பணம் கொடுக்கப் பலர் தயங்குவார்கள். ஆனால் அந்த மாதங்களில் பழுது பார்க்கலாம், பத்திரங்களைச் சரிசெய்யலாம். ஆவணியிலும் தையிலும் விளம்பரம் கொடுக்கலாம். முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் மிகுதி என்பதால் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் ஒதுக்குவதுண்டு.

முன்பணம் வாங்கும்போது எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் அவசியமா?

அவசியம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மொத்த விலை, முன்பணம், மீதியைச் செலுத்தும் கெடு, வாங்குபவர் பின்வாங்கினால் என்ன, நீங்கள் பின்வாங்கினால் என்ன, வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். கெடு மூன்று மாதம் போதும். பதினோரு மாதம் என்று எழுதி, சிறு தொகையைக் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டைக் கூடுதல் விலைக்கு மூன்றாமவரிடம் பேசித் திரிபவர்களும் உண்டு. ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அத்தகைய பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது.

பாதித் தொகையை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்கக் கூடாது. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் பெற்றவர் மீதே விழும். அந்தப் பணத்தை அடுத்த வீடு வாங்கியதாகக் காட்டி வரிவிலக்குப் பெறவும் இயலாது.

விற்பனையில் எனக்கு எவ்வளவு வரி வரும்?

இரண்டு ஆண்டுக்கு மேல் உங்களிடம் இருந்த வீடு என்றால் அது நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரு கணக்குகளில் வரி குறைவாக வருவது பொருந்தும்: பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலுடன் 20 சதவீதம்.

2004-05இல் 10 லட்சத்துக்கு வாங்கி 2025-26இல் 60 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் ஆதாயம் 50 லட்சம், வரி 6 லட்சத்து 25 ஆயிரம். இரண்டாவதில், பணவீக்கக் குறியீடு அன்று 113, இன்று 376 என்பதால் அடக்கவிலை சுமார் 33 லட்சத்து 27 ஆயிரமாக உயர்கிறது; வரி சுமார் 5 லட்சத்து 35 ஆயிரம். இரண்டிலும் கூடுதல் வரி தனி. எனவே பழைய பத்திரத்தையும், பின்னாளில் மாடி கட்டிய ரசீதுகளையும் தேடி எடுங்கள்.

விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ, அதில் செலவிட்ட ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் ஒரு சதவீதத்தை டிடிஎஸ் (உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி) எனப் பிடித்துச் செலுத்துவார். உங்கள் பான் எண் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தால் அது 20 சதவீதமாகிவிடும். இதை விளம்பரம் கொடுக்கும் முன்பே சரிபாருங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் விற்கும்போது பிடித்தம் ஒரு சதவீதத்தைவிட மிக அதிகம் என்பதால், குறைந்த பிடித்தச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கும்போதே விற்கலாமா?

சட்டப்படி தடையில்லை. ஆனால் குடியிருக்க வாங்குபவர் காலி வீட்டைத்தான் விரும்புவார். வாடகை ஒப்பந்தத்தின்படி முறையான கால அவகாசம் கொடுத்துக் காலி செய்யச் சொல்லுங்கள். அதுவரை வாடகைதாரரின் வசதியைக் கேட்டு நேரம் குறித்துக் கொண்டே வீட்டைக் காட்டுங்கள். மனம் கசந்த வாடகைதாரர், வருபவரிடம் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி விரிவாகப் பேசுவார்.

பதிவு நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

மீதித் தொகை உங்கள் வங்கிக் கணக்கில் வரவாகிவிட்டதையோ, வங்கி வரைவோலையின் அசல் உங்கள் கையில் இருப்பதையோ உறுதி செய்த பிறகே கையெழுத்திடுங்கள். பத்திர வரைவை முதல் நாளே படித்து, நான்கெல்லை, சர்வே எண், உங்கள் பெயரின் முதலெழுத்து ஆகியவற்றைச் சரிபாருங்கள். சாவியை ஒப்படைக்கும்போது மின் அளவியின் காட்டியைப் படமெடுத்து, அதுவரையிலான கட்டணத்தைச் செலுத்திவிடுங்கள். மின் இணைப்பையும் சொத்துவரியையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வாங்கியவருக்குத் தேவையான கையெழுத்துகளை அன்றே போட்டுக் கொடுங்கள். கிரயப் பத்திரத்தின் நகல் ஒன்றை வருமான வரிக் கணக்குக்காக உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.